‘ராங்’ என்று எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது

லேபிள் மாறினாலும் ‘மிஸ்டேக்’, தையல் விட்டுப்போனாலும் ‘மிஸ்டேக்’, கேட்ட நீலம் வராமல் வேறு நீலம் வந்தாலும் ‘மிஸ்டேக்’. பனியன் கம்பெனி மெயில்களில் இந்த ஒரு சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைப் படிக்கும் பையருக்கு, அதாவது வாங்குபவருக்கு, சரக்கு கெட்டிருக்கிறதா, மாறியிருக்கிறதா என்பதே விளங்காது. கெட்டிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார். மாறியிருந்தால் மாற்றித் தரச் சொல்வார். இரண்டுக்கும் பணக்கணக்கு வேறு.

தமிழில் ‘தப்பாப் போச்சுங்க’ என்று சொல்லி நிறுத்திவிடலாம். எதிரில் நிற்பவர் கையில் சட்டை இருக்கும், என்ன தப்பு என்று அவரே பார்த்துக்கொள்வார். மெயிலில் சட்டை இல்லை, சொல் மட்டும்தான் போகிறது. அதனால் ராங், மிஸ்டேக், எரர், ஃபால்ட், டிஃபெக்ட் என்ற ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவற்றில் அதிகம் குழப்புவது ராங். அதை முதலில் பார்த்துவிடலாம்.

முறுக்கிக்கொண்ட சொல்

ராங் என்பது ஆங்கிலத்துக்கு வடக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். 9-ஆம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்களும் நார்வேக்காரர்களும் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ரங்ர்’ என்றால் கோணலானது, முறுக்கிக்கொண்டது. அதற்கும் முந்தைய வடிவத்தில் முன்னால் ஒரு வகரமும் இருந்தது. பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் அது ‘வ்ராங்’ என்று நுழைந்தது. உச்சரிப்பில் வகரம் உதிர்ந்துவிட்டாலும் எழுத்தில் டபிள்யூ இன்றுவரை சும்மா நிற்கிறது.

அந்த டபிள்யூவைப் பார்த்தாலே சொல்லின் சொந்தபந்தம் தெரியும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைச் சொல்லும் ‘ரிங்’, பட்டறையில் நட்டைத் திருகும் ‘ரென்ச்’, திரும்பி வளையும் மணிக்கட்டான ‘ரிஸ்ட்’ ஆகிய மூன்றும் டபிள்யூ-ஆரில் தொடங்குகின்றன, மூன்றிலும் திருகல் இருக்கிறது. எதிர்ச்சொல்லான ‘ரைட்’டுக்கு அடிப்பொருள் நேரானது. ஆக ஆங்கிலக்காரருக்குச் சரி என்றால் நேர்கோடு, தவறு என்றால் அந்தக் கோட்டிலிருந்து திருகிக்கொண்டு போவது. பிரெஞ்சில் தவறுக்குச் சொல்லும் ‘தோர்’ என்ற சொல்லும், ஆங்கிலச் சட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் உரிமைத் தீங்கைக் குறிக்கும் ‘டார்ட்’ என்ற சொல்லும் லத்தீனில் முறுக்கப்பட்டது என்ற பொருளிலிருந்தே வந்தன.

இது நமக்குப் புதிதல்ல. தோட்டத்து வீடான சாளையில் சொருகி வைத்திருக்கும் கொடுவாளில் உள்ள ‘கொடு’ வளைவைக் குறிக்கிறது. அதே ‘கொடு’தான் கொடுங்கோலிலும் கொடுமையிலும் இருக்கிறது. நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். நேர்மை என்ற சொல்லே நேர் என்பதிலிருந்து வந்ததுதான். ‘அவன் பேச்சே கோணலா இருக்குது’ என்று ஊரில் ஒருவர் சொன்னால், ராங் என்ற சொல்லின் ஆயிரம் வருடக் கதையையும் தெரியாமலே சொல்லிவிடுகிறார்.

இந்த அடிப்பொருளை நினைவில் வைத்துக்கொண்டால் பயன்பாட்டில் பெரும்பகுதி எளிதாகிவிடும். கோணல் என்று சொல்ல ஒரு நேர்கோடு வேண்டும். எது கேட்டது, எது வந்தது என்ற இரண்டும் இருந்தால்தான் ராங் என்ற சொல்லுக்கு வேலை. கேட்டதைச் சொல்லாமல் ‘ராங்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எதோடு ஒப்பிடுவார்?

துணியின் ‘ராங் சைடு’

திருப்பூரில் ராங் என்ற சொல் தவறையே குறிக்காத ஓர் இடம் உண்டு. துணியின் உள்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ராங் சைடு’, வெளிப்பக்கத்துக்கு ‘ரைட் சைடு’. இதில் யாரும் எதையும் கெடுக்கவில்லை. கையால் பின்னும் ஆங்கிலக் குறிப்புகளில் இவற்றை ஆர்.எஸ்., டபிள்யூ.எஸ். என்று சுருக்கி எழுதுவார்கள். டேனிஷ், நார்வே மொழிகளில் பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணிகளுக்கு நேர், கோணல் என்ற பொருளில்தான் இன்றும் பெயர். கோணல் கண்ணியின் பெயர் ‘வ்ரங்’. ஆங்கிலத்துக்கு ராங்கைக் கொடுத்த அதே சொல்தான், பின்னல்காரர் வாயில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

டீ-ஷர்ட்டுக்கான சாதாரணப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் எது எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டிக் கையில் எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் சின்னச் சின்ன ‘வி’ வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நீளவாக்கில் அடுக்கியிருக்கும். அது ரைட் சைடு. மறுபக்கத்தில் அரைவட்ட வளைவுகள் குறுக்குவாட்டில் வரிசையாக ஓடும், அதுதான் ராங் சைடு. கண் மங்கினால் துண்டின் ஓரங்களைப் பாருங்கள். நீளவாக்கு ஓரம் இரண்டும் உள்பக்கமாகச் சுருளும். மேல், கீழ் ஓரங்கள் வெளிப்பக்கமாகச் சுருளும். இன்டர்லாக், ரிப் என்ற பின்னல் வகைகளில் இந்தச் சோதனை எடுபடாது. அவற்றில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதனால் மெயிலில் என்ன குழப்பம் வரும்? ‘த பிரிண்ட் இஸ் ஆன் த ராங் சைடு’ என்று எழுதிவிட்டீர்கள். இதற்கு மூன்று அர்த்தம் எடுக்கலாம். பிரிண்ட் துணியின் உள்பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பது ஒன்று. இடது மார்பில் வர வேண்டியது வலது மார்பில் வந்துவிட்டது என்பது இரண்டு. முன்பக்கத்தில் இருக்க வேண்டியது முதுகுப்பக்கம் போய்விட்டது என்பது மூன்று. ராங்கை எடுத்துவிட்டு இடத்தைச் சொல்லுங்கள். ‘த பிரிண்ட் இஸ் ஆன் த வேரர்ஸ் ரைட் செஸ்ட், நாட் த லெஃப்ட்.’ இதில் ‘வேரர்ஸ்’ என்பது போட்டுக்கொள்பவருடைய இடது, வலதைக் குறிக்கிறது. இது இல்லாவிட்டால் மேசையில் சட்டையை விரித்துப் பார்ப்பவருக்கு இடது வலதாகிவிடும். தைத்துக் கொடுக்கும் பவர் டேபிளுக்கு டெலிவரி சலானில் எழுதி அனுப்பும்போதும் இந்தச் சொல்லைச் சேர்த்துவிடுவது நல்லது.

உண்மையிலேயே முறுக்கிக்கொள்ளும் சட்டை

ஒருமுறை துவைத்ததும் சைடு தையல் முன்பக்கமாகத் திரும்பி வயிற்றுக்கு நேரே வந்து நிற்கும் டீ-ஷர்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராங் என்ற சொல்லின் பழைய அர்த்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடைக்காது. ஆனால் இந்தக் குறையை ராங் என்று எழுதக்கூடாது. ‘ராங் சைடு சீம்’ என்று எழுதினால் தைத்தவர் வேறு தையல் போட்டுவிட்டார் என்றே பையர் புரிந்துகொள்வார். இதற்குப் பெயர் ‘ஸ்பைராலிட்டி’. வாக்கியமாக எழுதுவதானால் ‘த சைடு சீம் ட்விஸ்ட்ஸ் ஆஃப்டர் வாஷிங்’.

அளவும் சேர்ந்து போனால்தான் பதில் வரும். துவைத்துக் காயவைத்த சட்டையை மேசையில் தோள் இரண்டும் சமமாக இருக்கும்படி விரியுங்கள். கீழ் மடிப்பில் சைடு தையல் எங்கே வந்து நிற்கிறது, சட்டையின் ஓரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதைத் தையலின் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். தையல் 60 சென்டிமீட்டர், விலகல் 3 சென்டிமீட்டர் என்றால் 5 சதவீதம். பல பையர்கள் 5 சதவீதம் வரை ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் டெக்பேக்கில், அதாவது பையர் கொடுத்த விவரக் குறிப்பில், எந்த எண் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு நேர்கோடு.

காரணமும் கேட்பார்கள். நூலில் ஏற்றிய முறுக்கு அடங்காமல் இருந்தால் தண்ணீர் பட்டதும் அது பிரியப் பார்க்கும், கண்ணிகள் ஒருபக்கமாகச் சாயும். பின்னும் மெஷினில் நூலை ஊட்டும் ஃபீடர் அதிகமானால் ஒரு சுற்றில் விழும் வரிசைகளும் அதிகமாகும், வரிசையின் சரிவும் கூடும். இரண்டில் எது என்று நிட்டிங்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மெயிலில் எழுத வேண்டும். ‘யார்ன் ப்ராப்ளம்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் அடுத்த மெயிலே ‘விச் ப்ராப்ளம்?’ என்றுதான் வரும்.

‘த ராங்’: கேட்டது வேறு, வந்தது வேறு

ராங்குக்குச் சரியான இடம் இதுதான். பொருளில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் கேட்டது அதுவல்ல. 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி, கேட்டதற்கு 160 போயிருந்தால் ‘த ராங் ஜி.எஸ்.எம்.’. எம் சைஸ் சட்டையில் எல் லேபிள் இருந்தால் ‘த ராங் லேபிள்’. கரூரிலிருந்து போன மேசைவிரிப்பு வேறு அகலத்தில் இருந்தால் ‘த ராங் விட்த்’. அந்த மேசைவிரிப்பு கிழியவில்லை, கறைபடவில்லை. வேறொருவர் அதை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதைப் போய் ‘பேட் ஃபேப்ரிக்’ என்று எழுதினால் நல்ல சரக்கை நீங்களே இரண்டாம் தரமான செகண்ட்ஸ் ஆக்கிவிடுகிறீர்கள்.

முன்னால் ‘த’ வருவதையும் கவனியுங்கள். நம்மவர்கள் ‘எ ராங் சைஸ்’ என்றோ வெறுமனே ‘ராங் சைஸ் கேம்’ என்றோ எழுதுவது வழக்கம். குறிப்பிட்ட ஒன்றைக் கேட்டு வேறொன்று வந்திருக்கும்போது ஆங்கிலத்தில் ‘த ராங் சைஸ்’, ‘த ராங் கலர்’, ‘த ராங் அட்ரஸ்’. பல விடைகளில் ஏதோ ஒரு தவறான விடை என்று பொதுவாகச் சொல்லும்போது ‘எ ராங் ஆன்சர்’ வரும். வேலை சம்பந்தமான மெயிலில் பத்துக்கு ஒன்பது இடத்தில் ‘த’ போட்டால் சரியாகவே இருக்கும்.

வாக்கியத்தின் அச்சு இதுதான்: ‘த ராங்’ என்று பொருளைச் சொல்லி, பிறகு வந்தது, ‘இன்ஸ்டெட் ஆஃப்’, கேட்டது. ‘த ராங் ஜி.எஸ்.எம். வாஸ் ஷிப்ட்: 160 இன்ஸ்டெட் ஆஃப் 180.’ வந்ததை முன்னால் போடுங்கள், கேட்டதைப் பின்னால் போடுங்கள். இந்த வரிசை மாறினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். தமிழில் ‘180-க்குப் பதிலா 160 வந்திருக்குதுங்க’ என்று கேட்டதை முதலில் சொல்லிப் பழகியதால், அவசரத்தில் கை தானாக ‘180 இன்ஸ்டெட் ஆஃப் 160’ என்று அடித்துவிடும். அனுப்பும் முன் இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்னொருமுறை படியுங்கள்.

துணி சமாச்சாரத்தை விட்டு வெளியே வந்தாலும் இதே கணக்குதான். கோயமுத்தூர் மோட்டாரைத் தோட்டத்துக் கிணற்றில் மாட்டி ஸ்விட்ச் போட்டதும் தண்ணீர் சொட்டு சொட்டாக வருகிறது. மும்முனை இணைப்பில் ஏதோ இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், தண்ணீரும் குறையும். இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். இது ‘த மோட்டார் இஸ் ரன்னிங் இன் த ராங் டைரக்ஷன்’. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இதையே ‘டிஃபெக்டிவ் மோட்டார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினால் லாரி வாடகை யார் தலையில் விழும்?

மற்ற நான்கு சொற்கள்

மிஸ்டேக் என்பது ஆளைச் சேர்ந்தது. இதுவும் பழைய நார்ஸிலிருந்து வந்த சொல்தான், தவறாக எடுத்துக்கொள்வது என்று பொருள். ஒருவர் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டார், அதனால் காரியம் மாறியது. அதனால் சட்டைக்குள் மிஸ்டேக் இருக்காது. கட்டிங் மாஸ்டர் பழைய பேட்டர்னை எடுத்து வெட்டிவிட்டார் என்றால் அது மிஸ்டேக், அதனால் வெளியே வந்த சட்டை ‘த ராங் சைஸ்’. காரணத்துக்கு ஒரு சொல், விளைவுக்கு ஒரு சொல் என்று பிரித்துவைத்தால் போதும். வினைச்சொல் ‘மேக்’. ‘வீ மேட் எ மிஸ்டேக்’ என்று எழுத வேண்டும், ‘வீ டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதக்கூடாது. ‘தப்பு பண்ணிட்டோம்’ என்பதில் இருக்கும் ‘பண்ணி’ நம்மை ‘டிட்’ பக்கம் இழுத்துவிடும்.

எரர் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் வினைக்கு அலைவது, வழிதவறுவது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இது கணக்கு, எழுத்து, அளவை, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு உரிய சொல். இன்வாய்ஸில் கூட்டல் தவறினால் எரர், பார்கோடு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் எரர். மிஸ்டேக்கைவிடக் கொஞ்சம் விறைப்பாக, ஆளைச் சுட்டாமல் ஒலிக்கும். தமிழில் இதற்கு மிக நெருக்கமாக வருவது பிழை. பிழையும் தப்பும் தமிழில் ஓர் அழகான வேலை செய்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பிழைத்தான் என்றால் தவறினான் என்றும் உயிர்தப்பினான் என்றும் பொருள். தப்பினான் என்பதும் அப்படியே. குறியிலிருந்து விலகினால் அம்புக்குத் தவறு, மானுக்கு உயிர். ஆங்கிலத்தில் எரருக்கு இந்தக் கருணை கிடையாது.

ஃபால்ட் மிகவும் ஜாக்கிரதையாகத் தொட வேண்டிய சொல். அதற்கு இரண்டு முகம் உண்டு. மெஷினைப் பற்றிச் சொன்னால் கோளாறு: ‘தேர் இஸ் எ ஃபால்ட் இன் த வைண்டிங்’. ஆளைப் பற்றிச் சொன்னால் குற்றப்பொறுப்பு: ‘இட் இஸ் அவர் ஃபால்ட்’. இரண்டாவதை எழுதிய கையோடு பணம் கட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. காரணம் என்னவென்று இன்னும் தெரியாத நிலையில், முதல் மெயிலில் மரியாதைக்காக ‘அவர் ஃபால்ட்’ என்று போட வேண்டாம். வருத்தம் தெரிவிக்க ‘வீ ஆர் சாரி அபௌட் திஸ்’ போதும். காரணம் உங்கள் பக்கம்தான் என்று உறுதியானால் மழுப்பாமல் எழுதுங்கள், அப்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. இன்னொன்று: இந்தச் சொல்லில் உள்ள எல் எழுத்து பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் சொருகினார்கள், நாளடைவில் அது வாயிலும் ஏறிவிட்டது.

டிஃபெக்ட் பொருளிலேயே இருக்கும் குறை. குறை என்ற தமிழ்ச்சொல் இதற்கு அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தும், ஏனென்றால் லத்தீன் மூலத்துக்கும் குறைபடுவது என்றே அர்த்தம். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, கீழ் மடிப்பின் பேட்லாக் தையல் ஓரம் தப்பியது, சாயம் திட்டுத்திட்டாக ஏறியது எல்லாம் டிஃபெக்ட். இதில் பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் டிஃபெக்டும் டிஃபெக்டிவும். ஒரே சட்டையில் மூன்று குறை இருந்தால் டிஃபெக்ட் மூன்று, டிஃபெக்டிவ் பீஸ் ஒன்று. ஏ.க்யூ.எல்., அதாவது ஒரு லாட்டில் எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற வரம்பை வைத்துச் செய்யும் செக்கிங்கின் ரிப்போர்ட்டுக்குப் பதில் எழுதும்போது இது பணமாக மாறும். 1,201 முதல் 3,200 பீஸ் வரையுள்ள லாட்டுக்குப் பொதுச் சோதனை நிலை இரண்டின்படி 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். பீஸ் கணக்கில் பார்க்கும் ரிப்போர்ட்டில் ஆறு சட்டையில் ஒன்பது குறை இருந்தால் லாட் பாஸ்தான். ‘நைன் டிஃபெக்டிவ் பீசஸ்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் லாட் அடிவாங்கும்.

ராங்கா, ராங்லியா?

வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் ‘ராங்’. ‘சம்திங் வென்ட் ராங்’, ‘யூ ஸ்பெல்ட் இட் ராங்’, ‘வீ காட் த கவுண்ட் ராங்’. இங்கெல்லாம் ‘லி’ சேர்த்தால் இலக்கணம் தெரிந்தவர் எழுதியதுபோலத் தோன்றும், ஆனால் காதுக்கு உறுத்தும். ‘வென்ட் ராங்லி’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. செயப்பாட்டு வடிவத்துக்கு முன்னால் வந்தால் மட்டும் ‘ராங்லி’: ‘ராங்லி லேபிள்ட்’, ‘ராங்லி பேக்ட்’.

மெஷின் ஓடவில்லை என்றால் ‘வாட் இஸ் ராங் வித் த மெஷின்?’. ‘வித்’ கட்டாயம் வேண்டும், ‘டு’ போடக்கூடாது. இதையே ஆளிடம் ‘வாட் இஸ் ராங் வித் யூ?’ என்று கேட்டால் ‘உனக்கென்ன கிறுக்கா?’ என்பதுபோல ஒலிக்கும். முகம் வாடியிருப்பவரிடம் அக்கறையாகக் கேட்பதானால் ‘வாட்ஸ் ராங்?’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவர் தவறாக நினைத்திருந்தால் ‘ராங் அபௌட்’. பையரிடம் ‘யூ ஆர் ராங்’ என்று எழுதுவது முகத்தில் அடித்தாற்போல இருக்கும். ‘த ஃபிகர் இன் யுவர் மெயில் இஸ் நாட் கரெக்ட்’ என்று எண்ணின்மேல் பழியைப் போட்டுவிடலாம். ‘ஏனுங்க, நீங்க சொல்ற கணக்குல கொஞ்சம் இடிக்குதுங்களே’ என்று கொங்கில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் கிடைக்கும் பணிவு அவ்வளவுதான்.

‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்பதை அப்படியே பெயர்த்து ‘டோன்ட் மிஸ்டேக் மீ’ என்று எழுதும் பழக்கம் நம் பக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. வெளிநாட்டவர் காதில் அது ‘என்னை வேறு ஆள் என்று எண்ணிவிடாதே’ என்று விழும். ‘ப்ளீஸ் டோன்ட் கெட் மீ ராங்’ என்று எழுதுங்கள். ரோட்டில் எதிர்த்திசையில் வந்தவரைச் சொல்லும் ‘ராங் சைடுல வந்தான்’ என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘ஆன் த ராங் சைடு ஆஃப் த ரோட்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். நாம் ‘ராங் கால்’ என்பதை அவர்கள் ‘ராங் நம்பர்’ என்பார்கள்.

ராங் வினைச்சொல்லாக வந்தால் கனம் கூடிவிடும். ‘ஹி ராங்ட் மீ’ என்றால் எனக்கு அநியாயம் செய்தான் என்று பொருள். லேபிள் மாறியதற்கெல்லாம் இதை எடுக்கக்கூடாது. ‘இன் த ராங்’ என்பதும் நியாயம் யார் பக்கம் என்ற வழக்கில் வருவது.

ஒரு மெயிலைத் திருத்திப் பார்ப்போம்

சாதாரணமாக எழுதுவது இப்படி இருக்கும்: ‘டியர் சார், சம் மிஸ்டேக் இஸ் தேர் இன் லேபிள். இட் இஸ் அவர் ஃபால்ட் ஒன்லி. டோன்ட் மிஸ்டேக் அஸ். வீ வில் டூ த நீட்ஃபுல்.’ நான்கு வாக்கியம் இருக்கிறது, ஒரு தகவல்கூட இல்லை. எத்தனை பீஸ், எந்த லேபிள், எந்தப் பெட்டி என்று தெரியாமல் பொறுப்பை மட்டும் முழுதாக ஏற்றுக்கொண்டாயிற்று.

திருத்தும்போது முதலில் நேர்கோட்டை எழுதுங்கள்: ஆர்டர் எண், டெக்பேக் பக்கம், ஒப்புதல் கொடுத்த சாம்பிள் தேதி ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். அடுத்தது விலகல். ‘240 மீடியம் பீசஸ் ஹேவ் த ராங் சைஸ் லேபிள்: லார்ஜ் இன்ஸ்டெட் ஆஃப் மீடியம்.’ அடுத்தது இடம். பெட்டிக்கு 24 பீஸ் என்றால் 240 பீஸ் பத்துப் பெட்டி. ‘தே ஆர் இன் கார்ட்டன்ஸ் 31 டு 40.’ காரணம் தெரிந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் ‘த லேபிள் ரோல்ஸ் வேர் மிக்ஸ்ட் அப் அட் த ஸ்டிச்சிங் யூனிட்’. தெரியாவிட்டால் ‘வீ ஆர் செக்கிங் த காஸ்’ என்று எழுதி எந்த நாளுக்குள் சொல்வீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். கடைசியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. ‘நீட்ஃபுல்’ என்ற சொல்லை அலுவலகக் கடிதங்கள் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டன. அதற்குப் பதில் ‘வீ வில் ரீப்ளேஸ் த லேபிள்ஸ்’ என்று வேலையையே எழுதிவிடலாம்.

சரக்கு மாறாமல் ஒரு காகிதமும் இன்னொரு காகிதமும் ஒத்துப்போகாவிட்டால் இந்த ஐந்து சொல்லில் எதுவும் வேண்டாம். இன்வாய்ஸில் 2,400, பேக்கிங் லிஸ்ட்டில் 2,440 என்று இருந்தால் அது ‘டிஸ்கிரெபன்சி’. இரண்டு ஒலி ஒத்துப்போகாமல் இடறுவது என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்த சொல் இது. எல்.சி., அதாவது வங்கி கொடுக்கும் கடனுறுதிக் கடிதம், வழியாகப் பணம் வரும் வியாபாரத்தில் வங்கி எழுதும் சொல்லும் இதுதான். 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி, காகிதங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாள் உண்டு. அங்கே யார் செய்தது, ஏன் செய்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. தாளுக்குத் தாள் பொருந்துகிறதா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் மன்னிப்பு வாசகம் வேண்டியதில்லை. எந்தத் தாளில் எந்த வரி, திருத்திய எண் எது என்பது போதும்.

போனில் சொல்ல வேண்டி வந்தால்

எழுத்தில் சரியாகக் கையாண்டுவிட்டுப் போனில் ‘ராங்கு’ என்று முடித்தால் அந்தப் பக்கம் ஒரு நொடி திகைப்பார்கள். டபிள்யூவைத் தொடாதீர்கள், ரகரத்தில் தொடங்குங்கள். பிரிட்டிஷ் வாயில் உயிரெழுத்து குறுகி ‘ரொங்’ என்பதற்குப் பக்கத்தில் நிற்கும், அமெரிக்கர் அதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள். முடிவில் ககரமும் இல்லை, உகரமும் இல்லை. ‘மாங்காய்’ என்று சொல்லத் தொடங்கி ‘மாங்’ என்பதோடு மூச்சை மூக்கில் நிறுத்திப் பாருங்கள். நாக்கின் அடிப்பகுதி மேலண்ணத்தில் ஒட்டியபடியே நிற்கும். அதை விடுவித்தால் ‘கு’ விழுந்துவிடும், விடுவிக்காமல் நிறுத்தினால் ‘ராங்’ வந்துவிட்டது.